மழலை மொழியாவது எப்படி?

'ஸ்டேடியம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் 'இல்' என்னும் உருபைச் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'ஸ்டேடியத்தில்' என்றுதானே சொன்னீர்கள்? 'ஸ்டேடியமில்' என்று சொல்லவில்லை அல்லவா? இனி 'ரூம்' என்னும் சொல்லோடு 'இல்' சேருங்கள். 'ரூமில்' என்கிறீர்கள். 'ரூத்தில்' என்று எவரும் சொல்வதில்லை. 'ஆல்பம்' ஆல்பத்தில் என்றாகிறது; 'டீம்' டீமில் என்றாகிறது.

இவை நான்கும் ஆங்கிலச் சொற்கள். இவற்றோடு தமிழ் உருபை எவ்வாறு சேர்க்க வேண்டும் என்று எந்தத் தமிழாசிரியரும் நமக்குக் கற்பிக்கவில்லை. இன்னும் ஒரு சோதனை செய்வோம். 'சிமடம்' என்று ஒரு சொல்லை நானே இப்போது இட்டுக்கட்டுகிறேன். அதற்குப் பொருள் கிடையாது. அது ஒரு பெட்டியின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து எங்கே இருக்கிறது? 'சிமடத்தில்' இருக்கிறது. ஒரு நொடியும் தயங்காமல் விடை வந்துவிடுகிறது.

'அம்' என்று முடியும் பெயரோடு உருபு சேரும்போது இடையில் 'அத்து' வரும் என்பது விதி. இலக்கண நூலார் இதைச் சாரியை என்பர். ஆனால் சாரியை என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவர், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவர், 'ஸ்டேடியத்துல கூட்டம்' என்று பிழையின்றிப் பேசுகிறார். அப்படியானால் இந்த விதி அவர் மனத்திற்குள் எப்போது, எவ்வழியே புகுந்தது?

இக்கேள்வியை ஆராயும் துறைக்கு உளமொழியியல் என்று பெயர். இயற்பியல் கற்பிக்கும் நான் இத்துறைக்குள் நுழைந்ததற்கு என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி காரணம். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு குழந்தை மொழியைக் கற்கும் விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

கிளிப்பிள்ளையா குழந்தை?

பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லித்தான் குழந்தை பேசக் கற்கிறது என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மையாக இருந்தால், குழந்தைகள் பெரியவர்கள் செய்யாத பிழைகளைச் செய்யக்கூடாது. ஆனால் செய்கிறார்கள். என் மகன் இரண்டரை வயதில் 'காக்கா மரம்ல இருக்கு' என்பான். எங்கள் வீட்டில் எவரும் 'மரம்ல' என்று சொன்னதில்லை. அவன் கேட்டதெல்லாம் 'மரத்துல'தான். பிறகு இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? 'வண்டில', 'கைல', 'ரூம்ல' என்று கேட்டவற்றிலிருந்து 'ல' சேர்த்தால் இடம் குறிக்கும் என்ற பொதுவிதியை அவனே கண்டுபிடித்து, அதை மரத்துக்கும் பொருத்தியிருக்கிறான். சில மாதங்களில் 'அத்து'வையும் கண்டுகொண்டான். பிழை தானாகவே மறைந்தது.

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்னும் ஆய்வாளர் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். பறவை போன்ற ஒரு படத்தைக் காட்டி, அதற்கு 'வக்' என்ற பொருளற்ற பெயரைச் சூட்டினார். பிறகு அத்தகைய இரண்டைக் காட்டி, இவை என்ன என்று சிறுவர்களைக் கேட்டார். அவர்கள் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்து விடை சொன்னார்கள். முன்பு ஒருபோதும் கேட்டிராத சொல்லுக்குப் பன்மை சொல்ல வேண்டுமானால், மனத்தில் விதி இருந்தாக வேண்டும். நாம் சற்றுமுன் 'சிமடத்தில்' என்று சொன்னதும் இதே சோதனைதான்.

தமிழ்க் குழந்தைக்கு இந்த வேலை கடினம் என்று தோன்றலாம். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று ஒரு வினைக்கு எத்தனை வடிவங்கள்! ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் போதும். ஆனால் பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லெனார்டு ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் காட்டியது. இரண்டு வயதை ஒட்டிய தமிழ்க் குழந்தைகள் இவ்விகுதிகளைப் பெரும்பாலும் பிழையின்றிக் கையாண்டனர். தமிழ் விகுதிகள் சொல்லின் இறுதியில் தெளிவாக ஒலிக்கின்றன. ஒரு விகுதிக்கு ஒரு வேலை என்ற ஒழுங்கும் பெரும்பாலும் உண்டு. எண்ணிக்கை மிகுதியாக இருந்தாலும் ஒழுங்கு இருந்தால் குழந்தை பிடித்துக்கொள்கிறது.

கணிப்பொறி அறிஞரின் ஒலிநாடா

தமிழ்க் குழந்தையின் பேச்சை முறையாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர் கணிப்பொறி அறிஞர் என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். அவர் ஆர். நரசிம்மன். கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பின்னர் அமெரிக்காவிலும் பயின்ற இவர், 1954இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் கணிப்பொறிகளில் ஒன்றான 'டிஃப்ராக்' இவரது தலைமையில் உருவாயிற்று.

கணிப்பொறியை மனிதனைப் போல் பேசவைக்க முடியுமா என்று எண்ணியவர், மனிதன் எவ்வாறு பேசக் கற்கிறான் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையின் வீட்டுப் பேச்சை அதன் ஒன்பதாம் மாதம் முதல் முப்பத்து மூன்றாம் மாதம் வரை ஒலிநாடாவில் பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்தார்கள். உலகக் குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் 'சைல்ட்ஸ்' என்னும் தொகுப்பில் அது இன்றும் இருக்கிறது. ஆய்வாளர் எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

அக்காலத்தில் அறிஞர்களிடையே ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. பழக்கத்தாலும் பாராட்டாலுமே பேச்சு படிகிறது என்று ஸ்கின்னர் 1957இல் நூல் எழுதினார். இலக்கணத்துக்கான அடிப்படை பிறவியிலேயே மூளையில் அமைந்திருக்கிறது என்று நோம் சோம்ஸ்கி 1959இல் அதை மறுத்தார். நரசிம்மனோ, வாக்கியங்களை மட்டும் தனியே பிரித்து ஆராய்வதில் பயனில்லை என்று கருதினார். மொழி என்பது இருவருக்கிடையே நடக்கும் நடத்தை; சுட்டுவது, கேட்பது, மறுப்பது, தருவது ஆகிய செயல்களோடு பின்னிக்கிடப்பது; எனவே குழந்தையும் தாயும் ஒருவரோடொருவர் பழகும் முறையைத்தான் ஆராய வேண்டும் என்பது அவர் வழி.

இதற்கு நம் மொழியிலேயே நல்ல சான்று உண்டு. 'இல்லை', 'வேண்டாம்', 'மாட்டேன்', 'முடியாது', 'தெரியாது', 'கூடாது' என்று தமிழில் மறுப்புக்கு எத்தனை சொற்கள்! பால் தீர்ந்துவிட்டால் ஒன்று; பால் பிடிக்காவிட்டால் வேறொன்று. எதை எங்கே சொல்வது என்பதை அகராதி பார்த்துக் கற்க இயலாது. வேண்டாத சோற்றை யாரோ ஊட்ட வரும்போதுதான் 'வேண்டாம்' என்பதன் பொருள் விளங்கும். தமிழ்க் குழந்தைகளின் வினாக்களைப் பற்றி 1988இலும், மறுப்புச் சொற்களைப் பற்றி 1991இலும் வைத்தியநாதன் தனிக் கட்டுரைகள் வெளியிட்டார்.

செவி முந்தி, நா பிந்தி

முதற்சொல் ஏறத்தாழ ஒரு வயதில்தான் வருகிறது. ஆனால் கற்றல் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது.

கருப்பையில் இருக்கும் சிசு கடைசி மூன்று மாதங்களில் ஒலியைக் கேட்கிறது. தாயின் உடலும் கருப்பை நீரும் உயர் அதிர்வெண் ஒலிகளை அதிகமாகத் தடுத்து, தாழ் அதிர்வெண் ஒலிகளை விடுகின்றன. பக்கத்து அறையில் நடக்கும் பேச்சு சுவர் வழியே கேட்பதுபோல, சொற்கள் விளங்காமல் பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் உள்ளே செல்கிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைபர் என்னும் இருவர், பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்று நிறுவினர்.

அடுத்து, ஒலிகளைப் பிரித்தறிதல். உங்கள் விரலைத் தொண்டையின்மீது வைத்துக்கொண்டு 'பக்கம்' என்றும், 'பங்கு' என்றும் மெல்லச் சொல்லுங்கள். 'பக்கம்' என்னும்போது நடுவில் ஒரு கணம் அதிர்வு நின்றுவிடும். 'பங்கு' என்னும்போது நிற்காது. இரண்டும் ஒரே 'க'தான். ஆனால் முன்னதில் குரல் நாண்கள் அதிரவில்லை, பின்னதில் அதிர்கின்றன. தமிழில் இது இடத்தைப் பொறுத்துத் தானாக மாறுவதால் இரண்டுக்கும் ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்திலோ இவ்வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். பந்துக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலொலியும் 'பில்லர்' என்பதன் முதலொலியும் அங்கே வேறு வேறு. உதடு திறப்பதற்கும் குரல் நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடையே உள்ள காலமே இவற்றைப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் அதன் எல்லை ஏறத்தாழ 25 மில்லி விநாடி.

இந்த நுண்ணிய வேறுபாடு பச்சைக் குழந்தைக்குத் தெரியுமா? பீட்டர் ஐமாஸ் குழுவினர் 1971இல் ஒன்று, நான்கு மாதக் குழந்தைகளிடம் சோதித்தனர். குழந்தையின் வாயில் ஒரு ரப்பர் நிப்பிள். அது சப்பும் வேகத்தை ஒரு கருவி அளக்கும். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தைக்குச் சலித்துச் சப்புவது குறையும். புதிய ஒலி வந்தால் வேகம் கூடும். இடைவெளி 20 மில்லி விநாடியிலிருந்து 40க்கு மாறியபோது வேகம் கூடியது. 60இலிருந்து 80க்கு மாறியபோது கூடவில்லை. வேறுபாடு இரண்டிலும் அதே 20தான். ஆனால் எல்லையைத் தாண்டிய மாற்றத்தையே குழந்தை கவனித்தது.

அப்படியானால் பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளும் எல்லா மொழிகளின் ஒலிகளையும் பிரித்தறியுமா? பெருமளவு ஆம். ஆனால் இந்த ஆற்றல் அப்படியே நிலைப்பதில்லை. 'பத்து', 'பட்டு' என்னும் சொற்களின் வேறுபாடு நமக்கு எளிது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களுக்கு இவ்விரண்டு ஒலிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே கேட்கும். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியில் உள்ள இதே வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிரித்தறிந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலரே அறிந்தனர். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அந்த ஆற்றல் குறையவில்லை. தன்னைச் சுற்றி வழங்கும் ஒலிகளுக்கு ஏற்பச் செவி முதல் ஆண்டுக்குள்ளேயே தன்னை அமைத்துக்கொள்கிறது.

இதில் ஆசிரியர்களும் மாணவர்களும் சிந்திக்க ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பழம்' பலர் வாயில் 'பளம்' ஆகிவிடும். வகுப்பில் ஒரு மாணவன் ழகரத்தை ளகரமாகச் சொன்னால், 'நாக்குப் புரளவில்லையா?' என்று கடிந்துகொள்கிறோம். அவன் நாக்கில் குறையில்லை. அவன் தொட்டிலில் கேட்ட பேச்சில் அந்த வேறுபாடு இல்லை, அவ்வளவே. பயிற்சியால் அதைப் பெறலாம். ஏளனத்தால் பெற முடியாது.

இடைவெளியில்லாப் பேச்சு

அச்சிட்ட பக்கத்தில் சொற்களுக்கிடையே வெள்ளை இடம் இருக்கிறது. பேச்சில் அது இல்லை. ஒலிவாங்கி மூலம் பேச்சின் அலைவடிவத்தை அலைகாட்டித் திரையில் பார்த்தால் சொல் முடியும் இடமும் தொடங்கும் இடமும் தெரியாது. தெரியாத மொழியைக் கேட்கும்போது 'விடுவிடுவென்று பேசுகிறார்கள்' என்று நாம் சொல்வது இதனால்தான். சொற்களே தெரியாத குழந்தை சொற்களை எப்படிப் பிரிக்கிறது?

1996இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்டு ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் ஒரு விடை கண்டனர். பொருளற்ற மூன்றசைச் சொற்கள் நான்கை, இடைவெளியே இல்லாமல் மாற்றி மாற்றிக் கோத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் கேட்கச் செய்தனர். அதற்குள் எந்த அசைகள் ஒரு சொல்லாகச் சேர்ந்தவை என்பதைக் குழந்தைகள் கண்டுகொண்டன! ஒரு சொல்லுக்குள் ஓர் அசையை அடுத்து எது வரும் என்பது உறுதி; சொல் முடிந்த இடத்தில் அடுத்து எதுவும் வரலாம். 'அப்பத்தா' என்பதில் 'அப்பத்' என்றால் அடுத்து 'தா'தான். ஆனால் 'தா'வுக்குப் பின் 'வந்தாச்சு' வரலாம், 'எங்கே' வரலாம், 'குடு' வரலாம். கல்லூரியில் நாம் நிகழ்தகவு என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கணக்கைக் குழந்தை தொட்டிலில் படுத்துக்கொண்டே போட்டுவிடுகிறது.

இந்தக் கணக்குக்குப் பெரியவர்களும் தம்மை அறியாமல் உதவுகிறார்கள். குழந்தையிடம் பேசும்போது நம் குரல் உயர்கிறது, பேச்சு மெதுவாகிறது, ஒரே சொல் பலமுறை வருகிறது. பெண்களின் குரலின் அடிப்படை அதிர்வெண் பொதுவாக 200 ஹெர்ட்ஸை ஒட்டியது. கொஞ்சும்போது அது அதைவிட வெகுவாக மேலே போய் இறங்குகிறது. 'சோச்சி', 'மம்மு', 'தாச்சி' என்று பேசினால் பிள்ளை கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். உலகின் மிகப் பல மொழிகளில் இத்தகைய கொஞ்சுமொழி உண்டு. இதனால் தீங்கில்லை, குழந்தையின் கவனத்தை அது ஈர்க்கிறது.

பர்மாவும் வயதும்

செட்டிநாட்டாருக்கு அயல்மொழி புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் நகரத்தார் கடைகள் பர்மா, மலேயா, இலங்கை எங்கும் இருந்தன. பதின்வயதுச் சிறுவர்கள் 'பெட்டியடிப் பையன்' என்ற வேலைக்குக் கப்பலேறினர். அவர்களுக்கு மேலே அடுத்தாட்கள். அவர்களுக்கும் மேலே மேலாட்கள். அங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் பர்மிய மொழியும் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போதும், 1960களில் கடைகள் நாட்டுடைமையான பிறகும் பெருந்திரளாகத் தமிழர் திரும்பினர். காரைக்குடியில் பர்மா காலனி என்றே ஒரு பகுதி இருக்கிறது.

பர்மிய மொழியில் ஒரே அசையைக் குரலை மாற்றிச் சொன்னால் பொருள் மாறிவிடும். பகரத்திலும் மூன்று வகை உண்டு. ஒரே ஊரில், ஒரே கடையில், ஒரே மொழியைக் கற்றாலும் ஐந்து வயதில் கற்பதும் பதின்மூன்றில் கற்பதும் முப்பதில் கற்பதும் ஒன்றாக இருக்குமா?

இதை அளந்தவர்கள் ஜாக்குலின் ஜான்சனும் எலிசா நியூபோர்ட்டும். 1989இல் வெளியான அவர்களது ஆய்வு, மூன்று முதல் முப்பத்தொன்பது வயதுவரை பல வயதுகளில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த சீன, கொரிய மொழியினரைப் பற்றியது. ஏழு வயதுக்குள் வந்தவர்களின் இலக்கண அறிவு அந்நாட்டாருடையதற்கு ஒப்பாக இருந்தது. அதன்பின் வந்தவர்களிடம் வயது ஏற ஏறக் குறைந்தது. 2018இல் ஏறத்தாழ 6,70,000 பேரின் விடைகளை இணையம் வழியே திரட்டிய இன்னோர் ஆய்வு, இலக்கணம் கற்கும் திறன் பதினேழு வயது அளவும் பெரிதும் குன்றாமல் நிற்கிறது என்று கூறிற்று. எனவே கல்லூரிக்கு வந்து ஆங்கிலம் கற்கும் தமிழ்வழி மாணவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. உச்சரிப்பில் ஊர்வாடை இருக்கலாம்; சொல்லும் இலக்கணமும் முயன்றால் வரும்.

ஆனால் ஒன்றை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் எல்லாருக்கும் ஒரு தாய்மொழி முன்பே இருந்தது. இரண்டாம் மொழிக்குக் காத்திருக்கலாம். முதல் மொழிக்கே காலம் கடந்துவிட்டால் இழப்பு மிகப் பெரிது.

முற்றமும் கைப்பேசியும்

குழந்தையின் காதில் மொழி விழுந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நான்கு வாரங்களில் பன்னிரண்டு முறை அமர்ந்து விளையாடினர், கதை படித்தனர். முடிவில் அக்குழந்தைகள் சீன ஒலிகளை நன்கு பிரித்தறிந்தன. மற்றொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரை வழியே. அக்குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

திரை பேசுகிறது; ஆனால் குழந்தை 'தாத்தா' என்று மழலை சொன்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் வீடுகளின் முற்றத்தில் அப்பத்தா முறுக்குப் பிழிந்துகொண்டே, 'யாரு வந்திருக்கா பாரு, மாமா வந்திருக்காக' என்று பேரப்பிள்ளையிடம் பேசுகிறாரே, அதில் குழந்தை பார்க்கும் பொருளும் கேட்கும் சொல்லும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. குழந்தை ஓர் ஒலி எழுப்பினால் பதில் கிடைக்கிறது. இன்று சோறூட்டும் நேரத்தில் அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இது கண்ணுக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று.

அதேபோல், நமக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் குழந்தையிடம் பேச முயல்வதும் வீண். எந்த மொழியில் நாம் தடையின்றிக் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் வல்லோமோ, அந்த மொழியே குழந்தைக்கு வளமான உணவு. இரண்டு மொழிகள் இயல்பாகப் புழங்கும் வீடாயின் இரண்டையும் குழந்தை கற்கும், குழம்பிவிடாது.

நான் கற்ற பாடம்

முன்பு சொன்ன நிகழ்ச்சிக்கு வருகிறேன். என் அக்காள் மகள் இரண்டரை வயதாகியும் 'அம்மா' என்று சொல்லவில்லை. 'அவ தாத்தாவும் நாலு வயசுலதான் பேசுனாராம், பேசிருவா' என்றார்கள் உறவினர்கள். காது கேட்கிறதா என்று ஐயம் வந்தபோது, வீட்டுப் பெரியவர் ஒருவர் குழந்தையின் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினார். அவள் சட்டென்று திரும்பினாள். 'காது நல்லாத்தான் கேக்குது' என்று எல்லாரும் நிம்மதியடைந்தோம். அந்த இடத்தில் நானும் இருந்தேன்.

ஒலியியல் பாடம் நடத்தும் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அருகில் தட்டும் தாம்பாளத்தின் ஓசை 90 டெசிபெலுக்கும் மேல் போகும். இயல்பான பேச்சு 60 டெசிபெல். 30 டெசிபெல் வேறுபாடு என்றால் ஒலிச்செறிவில் ஆயிரம் மடங்கு! தாம்பாளத்துக்குத் திரும்பும் குழந்தைக்குப் பேச்சு கேட்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மேலும், உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே உள்ளது. ச, த, ஸ போன்ற மெய்களை அடையாளம் காட்டும் ஆற்றல் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. அது வலுவும் குறைந்தது. உயர் அதிர்வெண்கள் கேளாத குழந்தைக்குக் கதவு சாத்தும் ஓசை கேட்கும். 'ஏய்' என்றால் திரும்பும். ஆனால் பேச்சு அதற்கு உடைந்த சில்லுகளாகவே கிடைக்கும். என் மருமகளின் நிலை அதுதான் என்று பிறகு செய்த சோதனை காட்டிற்று. இரண்டே முக்கால் வயதில் அவளுக்குக் காதொலிக் கருவி பொருத்தப்பட்டது.

பிறந்த சில நாட்களிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. உட்செவியில் காக்ளியா என்னும் நத்தை வடிவ உறுப்பு இருக்கிறது. நல்ல காது ஒலியைக் கேட்பதோடு, மிக மெல்லிய ஒலியைத் திருப்பியும் அனுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கில இயற்பியலர் கண்டறிந்தார். சிறிய ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் அடங்கிய ஒரு முனையைத் தூங்கும் குழந்தையின் காதில் வைத்தால், இந்த எதிரொலி வருகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். குத்தலோ வலியோ கிடையாது. ஐயமிருந்தால் மூளை நரம்பின் மின்துடிப்பை அளக்கும் 'பெரா' சோதனை செய்வர். ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே மருத்துவர்கள் வகுத்துள்ள முறை. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, பின்னர் கண்டறியப்பட்டவர்களுடையதைவிடத் தெளிவாக மேம்பட்டிருப்பதை 1998இல் யோஷினாகா இட்டானோ குழுவினர் காட்டினர்.

கருவியாலும் பயனில்லாத அளவு கேளாமை இருப்பின், செவிநரம்பை மின்துடிப்பால் தூண்டும் காக்ளியர் கருவியை அறுவை மூலம் பொருத்தலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்று. சைகைமொழியும் இலக்கணமுள்ள முழுமையான மொழியே. காதுகேளாத பெற்றோரிடம் சைகை கற்கும் குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுகின்றன என்று 1991இல் ஓர் ஆய்வு காட்டியது. காது வழியோ கண் வழியோ, ஏதோ ஒரு மொழி உரிய காலத்தில் குழந்தையை வந்தடைய வேண்டும்.

எதைக் கவனிப்பது?

இரண்டு, மூன்று மாதங்களில் குழந்தை 'ஊ', 'ஆ' என்று குரலெழுப்பும். காதுகேளாத குழந்தையும் இவ்வாறு எழுப்பும். ஆகவே இதை வைத்துக் காது கேட்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. ஏழு முதல் பத்து மாதத்துக்குள் 'பாபாபா', 'தாதாதா' என்று அசைகளை அடுக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி முதற்சொல். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்கள் சேர வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பே. ஆனால் ஒரு வயதாகியும் அசை அடுக்கவில்லை என்றாலோ, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை என்றாலோ, கோயிலுக்கு நேர்ந்துகொள்வதோடு நின்றுவிடாமல் செவிச்சோதனைக்கும் செல்லுங்கள். பேச்சுத் தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு; அவற்றைத் தேடும்முன் காதைச் சோதிப்பது முதற்படி. நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கேளாமை ஏற்படும் வாய்ப்பு கூடுதல். பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல், காதில் சீழ் வடிதல் போன்றவற்றால் பிறகு குறை நேரலாம்.

என் மருமகள் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பேசுகிறாள், பாடுகிறாள். சகரம் இன்னும் சில சொற்களில் நழுவுகிறது. சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது, பொருளற்ற சில சொற்களை அவளிடம் சொல்லி உருபு சேர்க்கச் சொன்னேன். 'சிமடம்' என்றேன். சற்று யோசித்தாள். 'பந்து சிமடத்துல இருக்கு மாமா' என்றாள். அவளுக்கு 'அத்து' வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் மூன்று வயதில் அடையும் இடத்துக்கு அவள் ஆறு வயதில்தான் வந்தாள். அன்று தாம்பாளம் தட்டிய ஓசையில் நாங்கள் நிம்மதி அடையாமல் இருந்திருந்தால் இன்னும் முன்பே வந்திருப்பாள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கைக்குழந்தை இருக்கலாம். அதன் காதைச் சோதித்துவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள்.